காவலர்களை ஏமாற்றும் சீனி மதில்: நாடாப்புழு நீர்க்கட்டி பற்றி நாம் அறிய வேண்டியவை

வயிற்றின் வலப்பக்கம் பாரமாக இருக்கிறது என்று வைத்தியரிடம் போகிறார் ஒருவர். ஸ்கேன் எடுக்கிறார்கள். "ஈரலில் ஒரு நீர்க்கட்டி" என்று அறிக்கை வருகிறது. இப்படிப்பட்ட நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. பிறப்பிலேயே வந்தவையாகவும் இருக்கலாம். ஆனால் மிகச் சில கட்டிகள் வெறும் நீர்க்கட்டிகள் அல்ல. அவை நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் இளம் பருவம். பத்து, பதினைந்து ஆண்டுகள் உடலுக்குள் இருந்தும் காய்ச்சலோ வலியோ தராமல் வளரக்கூடியவை.

நம் உடல் சிறு முள் குத்தினாலே வீங்கிச் சிவந்து எதிர்ப்புக் காட்டுகிறது. தேங்காய் அளவு வளர்ந்த ஓர் அந்நிய உயிரை அது எப்படிப் பொறுத்துக்கொள்கிறது? அந்தப் புழு தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் சீனி மதிலில் இதற்கான விடையின் பெரும்பகுதி இருக்கிறது.

வடக்கிலிருந்து கண்டிக்குச் சிகிச்சைக்கு வரும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் மொழி உதவிக்காக நான் கூடப் போவதுண்டு. ஆங்கிலத்தில் அறிக்கை, சிங்களத்தில் அவசர விளக்கம், தமிழில் ஒன்றுமில்லை. இதுதான் பல இடங்களிலும் நான் கண்ட நடைமுறை. தன் உடம்புக்குள் இருப்பது என்னவென்று அறியாமல் மருந்துச்சீட்டை மடித்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறவர்களுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

புழுவின் பயணம்

இந்த நாடாப்புழுவின் பெயர் எக்கினோகொக்கஸ் கிரானுலோசஸ். நாடாப்புழு என்றதும் பல மீற்றர் நீளமான ஒன்று நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. வளர்ந்த புழுவின் நீளம் சில மில்லிமீற்றர் மட்டுமே. நாயின் சிறுகுடலில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் நாய் நோயாளியாகத் தெரியாது.

புழுவின் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும் மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கின்றன. ஆடு, மாடு, பன்றி போன்றவை மேயும்போது அவற்றை விழுங்குகின்றன. குடலில் முட்டை பொரிந்து, உள்ளிருக்கும் நுண்கரு குடற்சுவரைத் துளைத்துக் குருதியில் ஏறி, ஈரலிலோ சுவாசப்பையிலோ தங்கிக் கட்டியாக வளர்கிறது. அந்த விலங்கை அறுத்து, கட்டியுள்ள ஈரலையும் சுவாசப்பையையும் நாய்க்கு வீசினால் வட்டம் முழுமையாகிவிடும். கட்டிக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்தலைகள் ஒவ்வொன்றும் நாயின் குடலில் ஒரு புழுவாகும்.

மனிதர் இந்த வட்டத்துக்குள் தற்செயலாக விழுகிறவர்கள். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்பது, சரியாகக் கழுவாத கீரை, அசுத்தமான தண்ணீர் ஆகியவற்றால் முட்டை வயிற்றுக்குள் போகிறது. இறைச்சி உண்பதால் இந்தக் கட்டி வருவதில்லை. சைவ உணவுக்காரருக்கும் வரலாம். மனிதரில் ஏறக்குறைய பத்தில் ஏழு கட்டிகள் ஈரலிலும், இரண்டு சுவாசப்பையிலும், எஞ்சியவை பிற உறுப்புகளிலும் அமைகின்றன.

சீனியால் கட்டிய மதில்

உடலுக்குள் வந்த முதல் சில நாட்களில் அந்த நுண்கரு பாதுகாப்பற்றது. நம் வெண்குழியங்கள் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. பல கருக்கள் அப்போதே அழிகின்றன. தப்பிப் பிழைப்பவை ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் தம்மைச் சுற்றி ஓர் உறையைக் கட்டத் தொடங்குகின்றன. வெட்டிப் பார்த்தால் வெங்காயம்போல அடுக்கடுக்காகத் தெரியும் வெண்ணிற உறை இது. இதில் உயிர்க்கலங்கள் எதுவும் இல்லை. கட்டி பெரிதாகும்போது இந்த மதில் 2, 3 மில்லிமீற்றர் வரை தடிக்கும். நுண்ணுயிர்களின் உலகில் அது கோட்டை மதில்தான்.

இந்த மதிலின் முதன்மைப் பொருள் மியூசின். நம் மூக்குச் சளியிலும் குடலின் வழுவழுப்பிலும் இருப்பதும் இதே வகைப் பொருள்தான். நடுவே ஒரு புரத நூல், அதிலிருந்து சீப்பின் பற்கள்போல நெருக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் காபோவைதரேற்றுச் சங்கிலிகள். புழுவின் மியூசினில் இந்தச் சங்கிலிகள் பெரிதும் கலக்டோசு என்ற சீனியால் ஆனவை. பாலில் உள்ள லக்டோசின் ஒரு பாதியும் இதே கலக்டோசுதான். தென்னமெரிக்காவின் உருகுவே நாட்டில் ஆட்டுப் பண்ணைகளால் இந்நோய் நீண்டகாலப் பிரச்சினை. அந்நாட்டின் மொண்டேவிடியோ நகர ஆய்வாளர்களே இந்தச் சங்கிலிகளின் அமைப்பை ஒவ்வொன்றாகப் பிரித்து விளக்கியவர்களில் முன்னணியினர்.

இந்த மதில் மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, தூரம் காப்பது. வெண்குழியங்கள் உள்ளே இருக்கும் உயிருள்ள படலத்தை நெருங்க முடியாது.

இரண்டாவது, குருதியில் மிதக்கும் காவற்புரதங்களைச் செயலிழக்கச் செய்வது. அந்நியரின் மேற்பரப்பைக் கண்டால் அதில் துளைபோடும் ஒரு புரதக் கூட்டம் நம் குருதியில் உண்டு. அது நம் கலங்களையே தாக்கிவிடாமல் தடுக்க, காரணி எச் என்ற கட்டுப்படுத்தியும் உண்டு. கட்டியின் சுவர் நம்முடைய இந்தக் காரணி எச்சைப் பிடித்துத் தன்மீது ஒட்டவைத்துக்கொள்கிறது என்பது 1997இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. காவலரின் அடையாள அட்டையைத் திருடிக் கழுத்தில் மாட்டிக்கொள்வது போன்ற வேலை இது.

மூன்றாவது, எச்சரிக்கையை மழுங்கச் செய்வது. மதிலிலிருந்து உதிரும் துகள்களைக் காவற்கலங்கள் விழுங்குகின்றன. வழக்கமாக அந்நியப் பொருளை விழுங்கிய கலம் முழுவிழிப்படைந்து மற்றவற்றைப் போருக்கு அழைக்கும். இந்தத் துகள்களை விழுங்கிய கலங்களோ அரைகுறையாகவே விழிப்படைகின்றன என்று ஆய்வுகூடப் பரிசோதனைகள் காட்டுகின்றன.

நம் குருதியிலும் உள்ள அதே சீனி

ஏ, பி, ஓ என்ற குருதி வகைகள் எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத பி1 என்றொரு அடையாளமும் உண்டு. இந்தப் பி வகையை 1927இல் லாண்ட்ஸ்டைனரும் லெவினும் கண்டறிந்தார்கள். சிலரின் செங்குழியங்களில் பி1 இருக்கும், சிலரில் இருக்காது. அதுவும் ஒரு சீனி அடையாளமே. குறிப்பிட்ட முறையில் இணைந்த இரண்டு கலக்டோசுகள் அதன் நுனியில் இருக்கும்.

1957இல் வெளியான ஓர் ஆய்வு, நாடாப்புழுக் கட்டியின் நீரிலும் அதே பி1 பொருள் இருப்பதைக் காட்டியது. பின்னாளில் மதிலின் மியூசின் சங்கிலிகளிலும் அந்த நுனி கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளே வந்தவர் நம் வீட்டுக்காரரில் சிலர் உடுக்கும் அதே உடையையே உடுத்தியிருக்கிறார். உங்களுக்கு இயல்பாகவே பி1 இருந்தால் அந்தச் சீனியை உங்கள் உடல் அந்நியமாகக் கருதாது. பி1 இல்லாதவர்களின் உடல் அதற்கு எதிராகப் பிறபொருளெதிரிகளை உற்பத்தி செய்யும், ஆனால் அவையும் கட்டியை அழிப்பதில்லை. இந்த ஒற்றுமை காரணமாகக் கட்டியின் நீர் ஒரு காலத்தில் இரத்த வங்கி ஆய்வுகூடங்களில் பரிசோதனைப் பொருளாகவும் பயன்பட்டது.

சீனியை உடல் ஏன் சரியாக நினைவில் வைப்பதில்லை?

நம் நிர்ப்பீடனத்தின் நீண்டகால நினைவு பெரும்பாலும் புரதங்களை அடிப்படையாகக் கொண்டது. ரீ கலங்கள் எனப்படும் தளபதிகளுக்கு அந்நியரின் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் காட்ட வேண்டும். அப்போதுதான் அவை உறுதியான, நீடித்த எதிர்ப்புக்கு உத்தரவிடும். வெறும் சீனியை அப்படிக் காட்ட முடியாது. தளபதியின் உதவியில்லாமல் உருவாகும் பிறபொருளெதிரிகள் பலவீனமாகப் பற்றிக்கொள்பவை. எக்கினோகொக்கஸ் குடும்பத்தின் இன்னொரு புழு நரிகளில் வாழ்கிறது. அதன் உறைச் சீனிக்கு எதிராக எலிகளில் இத்தகைய பலவீனமான எதிர்ப்பே தோன்றியது.

இதே சிக்கலை நம் பிள்ளைகளின் தடுப்பூசி ஒன்றிலும் காணலாம். குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் தரும் ஹிப் கிருமியும் சீனி உறை போட்டது. அந்தச் சீனியை மட்டும் ஊசியாகக் கொடுத்தால் சிறு குழந்தையின் உடல் சரியாகக் கற்றுக்கொள்ளாது. அதனால் சீனியை ஒரு புரதத்தோடு இணைத்துக் கொடுக்கிறார்கள். இலங்கையில் 2008இல் அறிமுகமான ஐந்து நோய்த் தடுப்பூசியில் இருப்பது அந்த இணைப்பே. அதாவது சீனி உறையை வெல்ல வழி உண்டு. ஆனால் மில்லிமீற்றர் கணக்கில் தடித்த மதிலைக் கட்டி முடித்துவிட்ட புழுவை அப்படி வெல்ல இன்னும் மருத்துவத்தால் முடியவில்லை.

மௌனம் நலமல்ல

இந்த அறிவியலிலிருந்து நோயாளிக்குத் தேவையான நான்கு விடயங்கள் கிடைக்கின்றன.

ஒன்று: வலி இல்லை என்பதால் கட்டி தீங்கற்றது என்று முடிவுசெய்ய முடியாது. வலியும் வீக்கமும் நம் உடல் எதிர்ப்பதன் அறிகுறிகள். இங்கு எதிர்ப்பே அடக்கப்பட்டுள்ளது. கட்டி பெரிதாகிப் பித்தக்குழாயையோ சுவாசக்குழாயையோ நெருக்கும்போதுதான் தொல்லை தெரியவரும்.

இரண்டு: இரத்தப் பரிசோதனை "இல்லை" என்று சொன்னாலும் கட்டி இருக்கலாம். மதிலுக்குள் மறைந்திருக்கும் புழுவுக்கு எதிராக உடல் போதிய பிறபொருளெதிரிகளை உருவாக்காமல் இருந்திருக்கலாம். சுவாசப்பைக் கட்டிகளில் இது அதிகம் நேர்கிறது. மறுபக்கம், வேறு புழுக்களிலும் ஒத்த சீனிகள் இருப்பதால் "இருக்கிறது" என்ற முடிவும் சில வேளை பிழைக்கலாம். ஆகவே ஸ்கேன் படமே முதன்மை. அதில் இரட்டைக் கோடாகத் தெரியும் சுவர் அந்தச் சீனி மதில்தான். மதில் கழன்று நீரில் மிதந்தால் வைத்தியர்கள் அதை அல்லி இலைக்கு ஒப்பிடுவார்கள்.

மூன்று: யோசிக்காமல் ஊசி குத்தி நீரெடுக்கக் கூடாது. கட்டி உடைந்து நீர் கசிந்தால், அதுவரை ஏமாந்திருந்த உடல் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு கடும் ஒவ்வாமை அதிர்ச்சிக்குள்ளாகலாம். சிந்திய நுண்தலைகள் புதிய கட்டிகளாகவும் வளரலாம். நீரெடுத்து, கிருமிகொல்லி செலுத்தி, மீண்டும் உறிஞ்சும் சிகிச்சைமுறை இருக்கிறது. பயிற்சி பெற்றவர்கள் ஆயத்தங்களுடன் செய்வது அது. சத்திரசிகிச்சை, மாதக்கணக்கில் அல்பெண்டசோல், செயலிழந்த கட்டியை மருந்தில்லாமல் கண்காணித்தல் என்பவை மற்ற வழிகள். எது பொருந்தும் என்பதைக் கட்டியின் நிலை தீர்மானிக்கும்.

நான்கு: பாடசாலையில் கொடுக்கும் ஒரு வேளைப் பூச்சி மாத்திரை இந்தக் கட்டியைக் குணப்படுத்தாது. அது குடலில் உள்ள வட்டப்புழுக்களுக்கானது.

போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மில் பலரின் எக்ஸ்ரேயில் ஏதாவது ஒரு நிழல் இருக்கிறது. அது செல் துண்டாக இருக்கலாம், பழைய காசநோய்த் தழும்பாக இருக்கலாம். "அது பழைய காயம்" என்று நாமே சொல்லிக் கடந்துபோகிறோம். வளரும் நிழல் பழைய காயம் அல்ல. முன்னைய படங்களை எறியாமல் வைத்திருந்து புதிய படத்தோடு ஒப்பிடக் கொடுங்கள். சிறுவயதில் விழுங்கிய முட்டை முப்பது வயதில் கட்டியாகத் தெரியவரலாம். ஆகவே நாய், ஆடு, மாடுகளோடு எங்கே, எப்போது வாழ்ந்தீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மூளைக்குப் போகும் உறவுக்காரன்

பன்றி நாடாப்புழுவான தீனியா சோலியம் இதே தந்திரத்தின் வேறொரு வடிவத்தைக் காட்டுகிறது. அதன் முட்டை மனிதக் குடலில் புழுவைச் சுமப்பவரின் மலத்திலிருந்து வருகிறது. கழுவாத கை வழியாக இன்னொருவரின் வயிற்றுக்குப் போகிறது. இளம்புழு மூளையில் தங்கினால் வலிப்பு வரலாம். இதற்குத் தடித்த மதில் இல்லை. சீனி இணைந்த புரதங்கள் நிறைந்த மெல்லிய தோலும், நம் எதிர்ப்பை அடக்கும் சுரப்புகளுமே அதன் ஆயுதங்கள். உயிரோடு இருக்கும்வரை அது பெரும்பாலும் மௌனமாக இருக்கும். புழு நலிந்து இறக்கத் தொடங்கும்போதே வேடம் கலைந்து, உடல் தாக்கி, மூளை வீங்கி, வலிப்பு வெளிப்படுகிறது. நோயாக நாம் காண்பது பெரும்பாலும் நம் உடலின் தாமதமான கோபத்தையே.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் வேதாந்தம் ராஜசேகர் இத்துறையில் உலகறிந்தவர். அவரது குழு வேலூர் மாவட்டத்தில் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணம் எனத் தெரிந்தது. இலங்கையில் இது அரிது. ஆனால் 1983க்குப் பின் தமிழ்நாட்டு முகாம்களில் பல்லாண்டு வாழ்ந்து திரும்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் புதிதாக வலிப்பு வந்தால், அதைத் தலையில் பட்ட பழைய காயம், மனப்பாதிப்பு, பேய்க்குணம் என்று தள்ளாமல், தமிழ்நாட்டில் வாழ்ந்த விபரத்தை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். உரிய சிகிச்சை உண்டு.

கண்டியில் நின்று பார்த்தால்

இலங்கையில் நாய் நாடாப்புழு புதிதல்ல. ஒட்டுண்ணியியல் அறிஞர் ஏ. எஸ். திசாநாயக்க 1950களின் இறுதியிலேயே உள்ளூர் மாடுகளில் இந்தக் கட்டிகளைப் பற்றி எழுதினார். மனிதரில் நோய் இங்கே பரவலாக இல்லை. அவ்வப்போது தனித்தனி நோயாளிகளாகவே பதிவாகிறது. ஆனால் அரிதான நோய் என்பதாலேயே அது மனதில் தோன்றாமல் போகும் ஆபத்தும் இருக்கிறது.

கண்டிக்கு இதில் ஒரு தனிச்சிறப்பு உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடமும் நாட்டின் ஒரே கால்நடை மருத்துவ பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அருகே கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவகம் இருக்கிறது. மனிதர், மாடு, நாய் என மூன்று உடல்களில் ஓடும் ஒரு புழுவைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான ஊர் நாட்டில் இல்லை.

அந்த வளாகத்திலிருந்து ஹந்தானை மலைப்பக்கம் ஏறினால் தோட்ட லயன்கள். வாசலில் மரக்கறிப் பாத்தி, பக்கத்தில் மாட்டுப்பட்டி, காம்பராவுக்குள்ளும் வெளியிலும் நாய்கள், பீலியில் தண்ணீர். முட்டைக்கு வெயிலும் வறட்சியும்தான் எதிரி. குளிர்ந்த ஈரமண்ணில் அது மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மலைநாட்டின் மண் அப்படிப்பட்டது. வன்னியின் வெயில் அந்த வகையில் கொஞ்சம் காப்பு. ஆனால் அங்கே நாம் இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த நாய்களும் மாடுகளும் கட்டாக்காலிகளாகிப் பெருகின என்பதையும் மறக்கக்கூடாது.

யார் எந்த இறைச்சியை உண்கிறார்கள் என்பதற்கும் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. இறைச்சிக்கழிவு நாயின் வாய்க்குப் போகிறதா என்பதே கேள்வி. ஆகவே இதை எந்தச் சமூகத்துக்கும் எதிரான பேச்சாக்க இடமில்லை.

மதில் எழுமுன்

மதில் எழுந்தபின் உடலால் அதிகம் செய்ய முடியாது. ஆகவே மதில் எழுமுன் தடுக்க வேண்டும். ஆடுகளுக்கான ஈஜி95 தடுப்பூசி இந்தத் தர்க்கத்தில்தான் பிறந்தது. ஆஸ்திரேலியாவின் மார்ஷல் லைற்றோலர்ஸ் குழு 1996இல் வெளியிட்ட அந்த ஊசி, சீனி மதிலைத் தொடுவதே இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் நுண்கருவின் புரதம் ஒன்றை அடையாளம் காட்டுகிறது. பரிசோதனைகளில் 95 வீதத்துக்கு மேல் பாதுகாப்புக் கிடைத்தது. மனிதருக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. நமக்கிருக்கும் வழிகள் இவை:

• அறுத்த விலங்கின் ஈரல், சுவாசப்பையைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். நன்றாக அவித்துப் போடலாம், அல்லது நாய் தோண்டாதபடி ஆழப் புதைக்கலாம்.

• வளர்ப்பு நாய்க்கு நாடாப்புழுவுக்கான பிரசிகுவான்டெல் மருந்தை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பது என்று கால்நடை வைத்தியரைக் கேளுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி அவசியம், ஆனால் அது புழுவைத் தடுக்காது.

• நாயைத் தொட்டபின்னும், மண் வேலைக்குப் பின்னும், உண்ணுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். கிருமிநாசினித் திரவங்கள் இந்த முட்டையைக் கொல்லும் என்று நம்ப முடியாது. கழுவி அகற்றுவதே வழி.

• கீரை, மரக்கறியை ஓடும் நீரில் கழுவுங்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். வீட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைகுளிரில் முட்டை சாகாது.

• மடுவங்கள், இறைச்சிக்கடைகளின் கழிவு திறந்த வெளியில் கொட்டப்பட்டால் பொதுச் சுகாதார பரிசோதகரிடமோ பிரதேச சபையிடமோ முறையிடுங்கள்.

ஒரு தீவு முழுவதும் இந்தப் புழுவை ஒழித்த வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்து உலகிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட நாடுகளில் ஒன்று. டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராபே 1863இல் அங்கு சென்று நாய்களை ஆராய்ந்தார். அடுத்த ஆண்டு, நோய் எப்படி வருகிறது, எப்படித் தடுப்பது என்று விளக்கும் சிறு நூல் ஒன்று மக்களின் மொழியில் அச்சாகி வீடுகளுக்கு இலவசமாகப் போனது. எழுதப் படிக்கத் தெரிந்த மக்கள் அதைப் படித்தார்கள். நாய்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் பின்னர் வந்தன. அடுத்த தலைமுறைகளில் நோய் மறைந்தது. அப்போது அவர்களிடம் ஸ்கேனும் இல்லை, அல்பெண்டசோலும் இல்லை, சீனி மதிலின் இரசாயனமும் யாருக்கும் தெரியாது.

நம்மிடம் எல்லாம் இருக்கின்றன. நோயாளியின் மொழியில் விளக்கம் மட்டும் குறைவு. அடுத்த முறை உங்கள் ஸ்கேன் அறிக்கையில் நீர்க்கட்டி என்று இருந்தால், அது எந்த வகை, சுவர் எப்படி இருக்கிறது, மீண்டும் எப்போது பார்க்க வேண்டும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலைத் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.